அக்கா ஊரில் இடது மரை நட்டு தேடியது

வீல் நட்டு வாங்குவதற்காகக் கடல் தாண்டியவன் எங்கள் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சேலை எடுக்க, கோயில் பார்க்க, வைத்தியம் செய்துகொள்ள என்று இந்தியாவுக்குப் போனவர்கள் உண்டு. நான் போனது ஒரு பழைய ஜீப்பின் இடதுபக்கச் சக்கரங்களுக்குப் பத்து நட்டு தேடி. விசா கேட்ட இடத்திலும் அதைத்தான் சொன்னேன், சுங்கத்திலும் அதைத்தான் சொன்னேன். கும்மிடிப்பூண்டியில் என் அக்கா இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. இலங்கையில் அப்போது இறக்குமதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். பாண் என்கிற ரொட்டிக்கு வரிசை, சீனிக்கு வரிசை. வாகனச் சாமானுக்கு மட்டும் வரிசை கிடையாது, ஏனென்றால் சாமானே கிடையாது. மலையகத்தில் அட்டன் டவுனுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஜீப் டிரைவர். ஜீப் யுத்தகாலத்து வண்டி. வலதுபக்கச் சக்கர நட்டுகள் உலகத்து நட்டுகளைப் போல வலப்பக்கம் திருகினால் இறுகும். இடதுபக்கத்து நட்டுகளை இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். சக்கரம் சுற்றுகிற சுற்றில் நட்டு தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்தார்களாம்.

நான் காய்ச்சலில் கிடந்தபோது வண்டியை எடுத்த பதிலாளுக்கு இந்த விஷயம் தெரியாது. பஞ்சர் ஆன சக்கரத்தைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு இறுக்கியிருக்கிறான். நட்டு அசையவில்லை என்றதும் ஸ்பானரில் ஒரு குழாயைச் சொருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்திருக்கிறான். முன்சக்கரத்தில் தோற்ற கோபத்தைப் பின்சக்கரத்திலும் காட்டியிருக்கிறான். நட்டு ஏறுகிற ஸ்டட்டுகள் தப்பிவிட்டன, நட்டுகள் எல்லாம் உள்ளே திருகு வரியான மரை தேய்ந்து, முனை மழுங்கிப் போயின. ஜீப்பைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தினோம். "இது எங்கே கிடைக்கும்?" என்று தோட்டத்து மேலாளரான துரை கேட்டார். இந்தியாவில் கிடைக்கும், எனக்குத் தெரிந்த இடம் இருக்கிறது என்றேன். தெரிந்த இடம் என்று ஒன்றும் இல்லை, அக்காதான் இருந்தாள்.

அக்காவும் மச்சானும் போய் அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது. இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது, மச்சான் குடும்பம் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தது. நான் இலங்கைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிராவில், அதாவது அறையில், இருந்தவர்கள் நாங்கள். நடுவில் இருந்தது ஒரு தகரச் சுவர். அவள் அந்தப் பக்கம் இருமினால் நான் இந்தப் பக்கம் விழித்துக்கொள்வேன். அந்தத் தகரத்தின் இடத்தில் கடல் வந்து நின்றது.

ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, ரயில் ஏறி நான் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து கண்ணில் முட்டும். கும்மிடிப்பூண்டியில் கண்ணுக்கு முட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. முள்காடு, பனைமரம், அவற்றுக்கு நடுவே அங்கங்கே புதிதாக எழும்பிக்கொண்டிருக்கிற தொழிற்சாலைக் கொட்டகைகள். இரும்பு உருக்குகிற வெயில் என்று சொல்வார்கள். இங்கே நிஜமாகவே இரும்பு உருக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைகளுக்குப் பின்னால், ஓலை வீடுகள் வரிசையாக நின்ற தெருவில் அக்கா வாசலில் நின்றாள்.

"இன்னாடா இப்டி எளச்சிப் போய்க்கீற?" என்றாள்.

இன்னா. நான்கு வருடத்தில் அக்கா வாயில் இந்த ஊர் குடியேறிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. கொண்டுபோன தேயிலைப் பொட்டலத்தை நீட்டினேன். அதைப் பிரிக்காமல் மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று தேங்காய் ரொட்டி சுட்டாள். ரொட்டியில் தேங்காயைத் தேடத்தான் வேண்டியிருந்தது. இங்கே தேங்காய் எல்லாம் சாமிக்கும் கல்யாணத்துக்கும்தான் என்றாள். மச்சான் இரும்புக் கம்பி இழுக்கிற கொட்டகையில் வேலை செய்தார். புருவம் கருகியிருந்தது. அதிகம் பேசாத மனிதர். அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நம்ம பக்கம் மழையா?" என்று மட்டும் கேட்டார். மழைதான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையில் பையில் பழைய நட்டையும், அளவு பார்ப்பதற்காகக் கொண்டுவந்த ஒரு ஸ்டட்டையும் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"எங்க போற? நாஷ்டா துன்னாம?" என்றாள் அக்கா.

"நட்டு பார்க்கப் போறேன்."

"சனிக்கெழமை அதுவுமா எவனாவது இரும்பு வாங்குவானா? வந்து ஒக்காரு."

சனிக்கிழமை இரும்பு வாங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பது பலரும் சொல்வதுதான். ஆனால் லயத்தில் ஒரு சனிக்கிழமை அரிவாள்மணை வாங்கிக்கொண்டு வந்து, அதே கையோடு மீன் அரிந்தவள் என் அக்கா. நான் அதைச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. எவ்வளவு நல்ல ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அமாவாசை. "திருவள்ளூர் போய்ப் பாரு, அங்க பெரிய கடைலாம் கீது" என்று அக்காவே அனுப்பி வைத்தாள். அமாவாசை அன்று திருவள்ளூர் எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் அனுப்பினாள். பஸ்ஸில் எல்லார் மடியிலும் வெல்லப் பொட்டலம். பெருமாள் கோயில் குளத்தில் வெல்லத்தைக் கரைத்தால் உடம்பு நோவு கரையும் என்று பக்கத்தில் இருந்த கிழவர் சொன்னார். எனக்கு என்ன நோவு என்று கேட்டார். இடது சக்கரத்தில் நோவு என்றேன். பாவம், என் காலைக் குனிந்து பார்த்தார்.

உதிரிச் சாமான் கடைக்காரர் கோயிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் நெற்றி நிறைய நாமத்தோடு வந்து கதவைத் திறந்தார். என் நட்டை வாங்கித் திருகிப் பார்த்தார். இன்னொரு தடவை திருகிப் பார்த்தார்.

"இன்னா சார், இது தலகீழா போவுது?"

"இடது மரை. இடதுபக்கச் சக்கரத்துக்கு."

"பழைய வண்டியா. இப்ப வர்ற ஜீப்புல நாலு சக்கரமும் ஒரே மரதான் சார். ஸ்டட்டையும் சேத்து மாத்திட்டா பேஜாரு உட்டுது."

அருமையான யோசனை. வலது மரை நட்டு அவரிடம் தட்டுத் தட்டாக இருந்தது, ஸ்டட்டும் இருந்தது. ஸ்டட்டைப் பிடுங்கிப் புதிது அழுத்தி இறக்க எங்கள் ஊரில் பிரஸ் மெஷின் இல்லை என்று சொல்லிவிட்டேன். பிரஸ் அட்டனில் ஒன்று இருக்கிறது. அது அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியப் போகிறது? அவரும் விடவில்லை. ஆர்.கே.பேட்டையில் ஒருவர் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் வைத்திருக்கிறார், அவரிடம் கேட்டுப் பாருங்கள் என்று அடையாளம் சொன்னார். அதை மனதில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மச்சான் தன் கொட்டகைக்கு அடுத்த கொட்டகையில் இருந்த டர்னர் தேவராஜிடம் என்னை அழைத்துப் போனார். என் வயதுதான் இருக்கும். முன்பு அப்பனும் ஆத்தாளும் நாற்று நட்ட வயலில்தான் இப்போது தன் லேத் நிற்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

"லெஃப்ட் மரையா? கியர மாத்திப் போட்டா லேத்து அந்தாண்ட ஓடும். ஷிப்ட் முட்ச்சிட்டு போட்டுக் குடுக்கறேன். ரெண்டு நாள் டைம் குடு."

எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். இலங்கையில் என்றால் இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராது. சைக்கிளுக்கு ஒட்டுப்போட விட்டால்கூடக் கடை வாசலை விட்டு நகராமல் நிற்கிறவன் நான்.

அந்த இரண்டு நாளும் அக்காவோடு தண்ணீர் எடுத்தேன், விறகு பொறுக்கினேன். மாலையில் ரயில் பாதை ஓரமாக நடந்தோம். அவள் தெலுங்கு பேசப் பழகியிருந்தாள். கடைக்காரியிடம் தெலுங்கில் சண்டை போட்டு, தமிழில் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். வியாழக்கிழமை மத்தியானம் வழக்கம்போல மச்சானுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். நட்டு ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"இன்னும் ஆவலியாம். ஆனாத்தான் இன்னா, இன்னிக்கு தெக்க சூலம். வியாழக்கெழமைல ராமேஸ்வரம் பக்கம் தலவச்சிப் படுக்கக் கூடாது."

வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடையில் தேவராஜைப் பார்த்தேன்.

"இன்னா சிலோன்காரரே, நட்டு எப்டிகீது? ஸ்டட்டுல போட்டுப் பாத்தியா?"

நான் விழித்தேன்.

"நேத்தே அக்கா கையில குட்த்துட்டனே. பத்தும் சரியா இருந்துதா?"

"சரியா இருக்கு. நல்ல வேலை" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினேன். டீயில் சூடே இல்லை.

அங்கே கிடந்த பெஞ்சில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம் வரவில்லை. பத்து நட்டை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நட்டு கிடைத்த மறுநாள் தம்பி கிளம்பிவிடுவான். மறுபடி எப்போது வருவான், வருவானா என்றே தெரியாது. அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. என் கணக்கும் அதுதானே. வீட்டுக்குப் போனதும், "அக்கா, இந்த டர்னரை நம்பிப் பிரயோசனம் இல்லை. ஆர்.கே.பேட்டையில் ஒரு ஜீப் இருக்காம், நீயும் வாயேன், பார்த்துவிட்டு வரலாம்" என்றேன்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கை நின்றது. பிறகு, "அவசரம் இல்ல, பொறுமையா போலாம். புதன்கெழமை போலாம்" என்றாள். மச்சான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெளியே போனார். அவள் எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று நான் தேடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஜீப் துரை சவாரி போகிற ஜீப் என்றுதான் அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் இருந்த காலத்தில் அது சரி. அதற்குப் பிறகு துரைக்குக் கார் வந்தது, ஜீப்பைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். பிரசவ வலி எடுத்த பெண்களை டவுனுக்கு இறக்குவது அதுதான். இதைச் சொன்னால் அக்கா ஒரு பொழுதுகூட என்னை நிறுத்தி வைக்க மாட்டாள். அதனால் சொல்லவில்லை. ஆனால் படுத்தால் கட்டைமேல் நிற்கிற ஜீப் ஞாபகத்துக்கு வந்தது.

புதன்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போனோம். என் வாழ்க்கையிலேயே நல்ல பயணம் அது. திருவள்ளூரில் பஸ் மாறி, ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தாள் அக்கா. முன்சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். அக்கா என் காதில் தமிழாக்கினாள். "மருமக காப்பில தண்ணி ஊத்தறாளாம். அதுக்கு அந்தம்மா சொல்லுது, எம் மருமக தண்ணில காப்பி ஊத்தறா." இருவரும் சீட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டு சிரித்தோம்.

வழியில் பஸ் டயர் வெடித்தது. எல்லாரையும் இறக்கிப் புளியமரத்தடியில் உட்காரவைத்தார்கள். வேர்க்கடலை வாங்கி உடைத்துத் தின்றோம். எங்கள் ஊரில் கச்சான் என்போம், அக்காவும் மறந்துபோய் "கச்சான்" என்றாள்.

"எங் காம்பிரால இப்ப யாருடா இருக்காங்க?"

"கோழி அடைக்கிறாங்க."

"எத்தினி கோழி?"

"ஏழெட்டு இருக்கும்."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிச் சிரித்தாள். கொஞ்சநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயில் என்றாள். நாங்கள் உட்கார்ந்திருந்தது நல்ல நிழல்.

ஆர்.கே.பேட்டைக்காரர் நிலக்கடலை மூட்டை ஏற்ற ஜீப் வைத்திருந்தார். கொட்டகையில் நின்ற வண்டியைக் கண்டதும் எனக்கு வீட்டைக் கண்டது போல இருந்தது. எங்கள் ஜீப்பின் உடன்பிறப்பு. இடது சக்கரத்தில் ஒரு நட்டைக் கழற்றி, என் ஸ்டட்டில் வைத்து இடப்பக்கம் சுழற்றினேன். விரலால் தள்ளியதற்கு வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

"புடிச்சிருந்தா அத்தினியும் எடுத்துக்க நைனா. எனக்கு டிராக்டர் வந்துடுச்சு. இது இனிமே எங்க ஓடப் போவுது" என்றார் அவர்.

என்ன செய்வது? நட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். "கொஞ்சம் ஆடுது" என்றேன்.

"ஆமா, ஆடுது" என்றாள் அக்கா, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அந்த நல்ல மனிதர் எங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். வீடு வரும்வரை நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சிரித்துத் தொலைத்திருப்போம்.

தெருவுக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மேரிக்கு வலி எடுத்திருந்தது. தெருவே வெளியில் நின்றது. யாரோ ஓடிப்போய்க் கொட்டகை லாரியைக் கூட்டிவந்தார்கள். அக்கா கையில் இருந்த பையை என்னிடம் எறிந்துவிட்டு லாரியில் ஏறி, மேரியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். தெரு அடங்கிய பிறகுதான் திரும்பி வந்தாள். பெண் குழந்தை, இரண்டும் நலம் என்றாள். கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரு சொன்னாரு, இன்னும் கொஞ்சம் லேட்டானா ரெண்டும் இல்லியாம். லாரி இருந்துது, பொழச்சாங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "நம்ம தோட்டத்துல இப்ப எதுல கொண்டுபோறாங்க?"

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"கேக்கறேன் இல்ல?"

"ஜீப்புல."

"எந்த ஜீப்பு?"

"அந்த ஜீப்புதான்."

"அது நிக்குதே. இப்ப?"

"பக்கத்துத் தோட்டத்து லாரி கிடைச்சா லாரி. இல்லன்னா கம்பளியில கட்டித் தூக்கிக்கிட்டு எறங்குறாங்க."

அக்கா எழுந்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டு, பழைய ரவிக்கைத் துணியில் கட்டிய ஒரு மூட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். அவிழ்த்தேன். பத்து நட்டும் மினுங்கின. துருப் பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். குழம்புக்கே சொட்டுச் சொட்டாக ஊற்றுகிற எண்ணெய் அது.

"ஒரு வாரமா ஏங்கிட்டதான் கீது" என்றாள்.

"தெரியும்."

"எப்பலேந்து?"

"போன வெள்ளிக்கிழமையிலிருந்து."

"அப்பறம் இன்னாத்துக்குடா என்னைய ஆர்.கே.பேட்டைக்கு இட்டுக்கினு போன?"

"உன்கூட பஸ்ஸுல போறதுக்குத்தான்."

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அழுதோம். அதில் மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதோம். மச்சான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

விடிந்தால் வியாழக்கிழமை. இன்றைக்குத் தெற்கே சூலமாச்சே என்றேன். "சூலமாவது கீலமாவது, கெளம்பு" என்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஸ்டேஷனில் வண்டி வருகிறவரை ஒன்றும் பேசவில்லை. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த ஜீப்புல இன்னும் இன்னா இன்னாடா கெட்டுப்போவும்?"

"கிளட்ச் பிளேட்டு தேயும். பேன் பெல்ட் அறும். ஸ்பிரிங் பட்டை உடையும்."

"பட்டை எப்ப ஒடையும்?"

"எங்க ரோட்டுக்கு ரெண்டு வருஷம் தாங்கும்."

"ஸ்பிரிங் பட்டைக்கு இங்க பட்டறை நெறைய கீது. நான் விசாரிச்சி வக்கிறேன்" என்றாள். வண்டி நகர்ந்தது. கம்பியை விட்டுவிட்டு, பிளாட்பாரம் முடிகிறவரை கூடவே நடந்து வந்தாள்.

நட்டுகளைப் போட்டு ஜீப்பைக் கட்டையிலிருந்து இறக்கினேன். ஒரு வாரத்துக்குள் மூன்று பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தேவராஜ் கடைந்த மரை, ஒன்றுகூடத் தளரவில்லை.

நான் சொன்னபடியே இரண்டு வருடத்தில் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. ஆனால் அதற்குள் எங்கள் நாட்டில் ஆட்சி மாறி, இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். கடைகள் நிரம்பி வழிந்தன. நாடே சந்தோஷப்பட்டது. பட்டை உடைந்த அன்று மாலையே தோட்டத்துக் கிளார்க் அட்டன் கடையிலிருந்து புதுப் பட்டை வாங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். நான் அதை மாட்டினேன். கிளட்ச் பிளேட்டும் அங்கேயே கிடைத்தது, பெல்ட்டும் கிடைத்தது. ஒரு ஜீப் டிரைவருக்கு இந்தியா போகக் காரணம் என்று எதுவும் மிச்சமில்லை.

அந்த மாதம் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. மேரியின் மகள் ஓடி விளையாடுகிறாள், மச்சானுக்குக் கண் கொஞ்சம் மங்கல், பட்டறையில் பேசி வைத்திருக்கிறேன், ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள்.

நல்ல எஃகு அக்கா, இன்னும் உடையவில்லை, உடைந்ததும் வருகிறேன் என்று பதில் எழுதினேன்.